காடாத் துணியும் அன்னபேதியும்: என் ஜூரிக்கு நான் தயாரான விதம்

டெக்ஸ்டைல் டிசைன் மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு 'மெட்டீரியல் எக்ஸ்ப்ளொரேஷன்' என்று 14 வாரப் பாடம் ஒன்று இருந்தது. முடிவில் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து ஜூரி எடுப்பார்கள், அதாவது வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்டு மதிப்பிடுவார்கள். இந்த வருடம் அதே பாடத்துக்குள் போகும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எத்தனை டெக்னிக் காட்டினா போதும்?" என்பதுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். ஐந்து வாரம் அதில் போயிற்று. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஐந்து வாரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்தேன். பாலியெஸ்டரில் கோலிக்குண்டுகளை வைத்துக் கட்டி, பழைய இட்லிக் குண்டானில் ஆவி காட்டினேன். பாலியெஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அவிழ்த்த பிறகும் குமிழ் குமிழாக இருக்கும். அதையே பருத்தியில் செய்தால் ஒரு தடவை நனைத்ததும் தட்டையாகிவிடும். பனியன் கட்டிங் வேஸ்ட்டை முறுக்கி ஊடையாக (குறுக்கு இழையாக) விட்டு நெய்தேன். பாலிதீன் கவர்களை அடுக்கி, மேலே தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினேன். கடுக்காயும், அன்னபேதி என்ற இரும்பு உப்பும் வைத்து, வெளுக்காத பருத்தியான காடாத் துணியில் கறுப்புச் சாயம் போட்டேன். மேஜை முழுக்கச் சாம்பிள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இடைமதிப்பீட்டில் ஆசிரியர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாமே முதல் முயற்சியா இருக்கே. ரெண்டாவது முயற்சி எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்தச் சாம்பிளையும் நான் இரண்டாவது தடவை செய்திருக்கவே இல்லை.

அந்த வார இறுதியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஈரோட்டுக்கு வந்தேன். பாலிதீன் பையில் மடித்து வைத்திருந்த அந்தக் கறுப்புத் துணியை எடுத்து விரித்தபோது மடிப்பில் பிளந்தது. இழுக்கவில்லை, விரித்தேன், அவ்வளவுதான். அப்பளம் மாதிரி ஒடிந்தது. சாயத்தில் முக்காத ஓரம் மட்டும் பழையபடி கெட்டியாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நல்ல துணிய இப்படிக் கந்தலாக்கீட்டயே" என்றாள். விசைத்தறி ஓடும் வீட்டில் துணி கிழிவது சின்ன விஷயம் இல்லை.

அன்று இரவு என் நோட்டைப் பார்த்தேன். 100 கிராம் துணிக்கு 20 கிராம் அன்னபேதி போட்டிருந்தேன். கறுப்பு அடர்த்தியாக வரட்டும் என்று கைக்கு வந்தபடி போட்டது. இயற்கைச் சாயம் போடுகிறவர்கள் 2 முதல் 4 கிராமுக்குமேல் பொதுவாகப் போகமாட்டார்கள். இரும்பு பருத்தி நாரை அரிக்கும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சீட்டித் துணிகளில், சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் அரித்துப்போனவை உண்டு. படித்திருக்கிறேன்; ஆனால் என் விரலுக்கடியில் நடந்தபோதுதான் புரிந்தது. எவ்வளவு இரும்புக்கு எவ்வளவு கறுப்பு, அந்தக் கறுப்பு துணியிலிருந்து எவ்வளவு பலத்தை எடுத்துக்கொள்கிறது? மீதி ஒன்பது வாரத்துக்கும் இந்த ஒரு கேள்வி போதும் என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை காடாத் துணியைத் தயார் செய்வது. இதை அவசரப்படுத்தாதீர்கள். பாவு நூலில் (நீளவாக்கில் ஓடும் இழையில்) கஞ்சி இருக்கும். அது போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அப்புறம் எந்த ஒப்பீடும் செல்லாது. ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவிட்டேன். காலையில் அலசி, சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அது பருத்தியிலிருந்து வரும் மெழுகும் அழுக்கும். துணியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். அதுவரை கொதிக்கவிடுங்கள். இரும்புச் சட்டியைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து வரும் இரும்பே கணக்கைக் குழப்பிவிடும்.

பிறகு 10 செ.மீ. சதுரமாக 64 துண்டுகள் வெட்டினேன். 100 கிராம் துணிக்குக் கடுக்காய்த் தூள் 5, 10, 20, 40 கிராம் என்று நான்கு அளவு. அன்னபேதி 2, 5, 10, 20 கிராம் என்று நான்கு அளவு. சாயம் போட்ட பின் வைத்திருக்கும் விதம் நான்கு: நன்றாக அலசி நிழலில், மொட்டை மாடி வெயிலில், ஈரத்தோடு பாலிதீன் பையில், வாரம் ஒருமுறை ஆவி காட்டி. நான்கு நான்காக மூன்று தடவை பெருக்கினால் 64. ஒரு மீட்டர் துணியில் எல்லாம் அடங்கிவிட்டது. கடுக்காயும் அன்னபேதியும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். மொத்தச் செலவு என் இட்லிக் குண்டான் சோதனையைவிடக் குறைவு.

செய்யும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய துணி வெளிர் மஞ்சளாக இருக்கும். அதை அன்னபேதிக் கரைசலில் விட்டதும் ஓரத்திலிருந்து சாம்பல் நிறம் உள்ளே ஓடும். அப்போது பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், இன்னும் ஒரு ஸ்பூன் போடலாமா என்று கை பரபரக்கும். போடாதீர்கள். வெளியே எடுத்துக் கொடியில் போடுங்கள். காற்றுப் படப் படக் கறுக்கும். நான் முதல் தடவை 20 கிராம் போட்டதற்கு அந்தப் பரபரப்புதான் காரணம்.

கொதிநீரில் போய் வரும் துணியில் பேனாக் குறி நிற்காது. சலவைக்காரர்கள் சேங்கொட்டையால் போடும் குறியை முதலில் யோசித்தேன். அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் விட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டின் மூலையிலும் நூல் முடிச்சுகள் போட்டேன். வலது மூலை இரும்பின் அளவு, இடது மூலை கடுக்காய், கீழ் மூலை வைத்த விதம். ஜூரியில் இந்த முடிச்சுகளைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசினார்கள்.

இழுவலிமை பார்க்கும் இயந்திரத்தை எங்களுக்குத் தரவில்லை. அதனால் ஒரு செ.மீ. அகலப் பட்டையாக நறுக்கி, மேலே ஒரு கிளிப், கீழே ஒரு கிளிப்பில் பிளாஸ்டிக் வாளி, அதில் மக் மக்காகத் தண்ணீர். சாயம் போடாத பட்டை வாளி முக்கால் நிறைந்தும் தாங்கியது. 20 கிராம் இரும்பு போட்டு ஈரப் பாலிதீனில் ஆறு வாரம் வைத்த பட்டை, வெறும் வாளியின் எடைக்கே அறுந்தது. இன்னொன்றும் தெரிந்தது: கடுக்காயை 20 கிராமில் நிறுத்திவைத்தால், 5 கிராம் அன்னபேதிக்குமேல் என் கண்ணுக்குக் கறுப்பு கூடவில்லை, பலம் மட்டும்தான் குறைந்துகொண்டே போனது. 14 வாரத்தில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். ஆனால் அது என்னுடையது.

ஒரே பொருளில் நின்றால் படைப்பு சுருங்கிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சிற்பி மிருணாளினி முகர்ஜியின் வேலைகளைப் பார்த்த பிறகு அது போயிற்று. 1970களின் தொடக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கும் மேல் அவர் நார்க்கயிற்றைத் தறியில்லாமல் கையால் முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். மும்பையின் நெசவுக் கலைஞர் மோனிகா கொரியா, பாவு இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்துப் பிடிக்கும் அச்சைத் தறியிலிருந்து கழற்றிவிட்டு நெய்தார். இழைகள் நேர்கோட்டை விட்டு ஆற்றில் மிதப்பது போல அலைந்தன. கழற்றியது ஒன்றைத்தான். நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ் 1930இல் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் பட்டயத்துக்காகச் செய்த துணியும் பரீட்சை வேலைதான். ஜெர்மனியில் பெர்னாவ் என்ற ஊரின் தொழிற்சங்கப் பள்ளி அரங்கத்துச் சுவருக்கு, ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பித்தரச் செலோபேன், மறுபக்கம் ஒலியை உறிஞ்சப் புசுபுசுவென்ற செனில் நூல் என்று நெய்தார். எந்த இழை எதற்கு என்று கேட்டால் அந்தத் துணியே பதில் சொல்லும்.

என் இறுதி வேலை இரண்டு மீட்டர் உயரத் திரை. 2, 5, 10, 20 என்ற நான்கு அளவில் சாயம் போட்ட பட்டைகளை, நடுநடுவே வெள்ளைப் பட்டை விட்டுக் கையால் தைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கறுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூரி அன்று வலது ஓரக் கறுப்பு அதன் சொந்த எடைக்கே தையலோரம் பிரியத் தொடங்கியிருந்தது. இடது ஓரம் அப்படியே நின்றது.

ஜூரியில் ஒருவர், "காளஹஸ்திக் கலம்காரியிலும் கடுக்காயும் இரும்பும்தானே? அது ஏன் இவ்வளவு சீக்கிரம் அரிக்கவில்லை?" என்று கேட்டார். துணியில் கையால் வரையும் அந்தக் கலம்காரிக்கு இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டுக் கறுப்பு எடுக்கிறார்கள். அதில் உருவாவது பெரும்பாலும் அசிட்டிக் அமிலம். அது காற்றில் போய்விடும். அன்னபேதி இரும்பு சல்பேட், துணியில் கந்தக அமிலத்தின் மிச்சத்தை விட்டுவிட்டுப் போகும். இதைச் சொன்னேன். "அப்படின்னா அதையும் ஒரு வரிசையா செஞ்சிருக்கலாமே" என்றார். உண்மைதான், செய்திருக்க வேண்டும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எடுக்கப்போகும் பொருள் வேறாக இருக்கலாம். வாழைநாரோ, கோரையோ, பழைய ஃபிளெக்ஸ் பேனரோ, எதுவானாலும் முதலில் ஒரு சின்னத் துண்டை எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாசனை தரும். கடைக்காரர் 'பியூர் காட்டன்' என்று கொடுத்ததில் எனக்கு ஒரு தடவை மணி விழுந்தது. சாயப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கையுறை கட்டாயம். தூள் அளக்கும்போது முகக்கவசம்.

முதல் வாரமே மேஜையை நிரப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி துணியை ஊறப் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை அந்தத் தண்ணீரைக் கொட்டும் முன் ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, தேதி ஒட்டி வையுங்கள். அதுதான் உங்கள் முதல் சாம்பிள்.