வலிவு என்றால் வலி இல்லை

போன வாரம் கிளினிக்கல் பரீட்சை முடிந்தது. பிசியோதெரபி அசிஸ்டென்ட் படிப்பு, இரண்டாம் வருடம். தியரி பேப்பர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தேன், எழுதினேன். என்னைப் பாடாய்ப் படுத்தியவை இரண்டு: ஒரு ரப்பர் ஸ்டாம்பு, அப்புறம் மலையாளம்.

எங்கள் வீடு கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டில். கிளினிக்கல் போஸ்டிங் கிடைத்தது பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் கையெழுத்து போட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தில் ஆபீஸ் சீல் மட்டும் பாக்கி. சீல் இல்லாத நோட்டோடு வந்தால் பரீட்சை ஹாலுக்குள் விடமாட்டார்கள்.

முதல் நாள் போனேன். கிளார்க் தலையை நிமிர்த்தவே இல்லை. "சீல் வெக்குன்ன ஆள் ஊணு கழிக்கான் போயி. நாளெ வா மோளே." மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாராம். மணி அப்போது பதினொன்றரை. மறுநாள் கிளம்பினால் பஸ் கோபாலபுரத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஹர்த்தாலாம். இந்தப் பக்கம் டீக்கடை முதல் தீவனக் கடை வரை எல்லாம் திறந்து கிடக்கிறது, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை. எல்லையில் குடியிருந்தும் எனக்கு விஷயம் தெரியவில்லை என்று அப்பா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். மூன்றாம் தடவை போனபோது சீல் எங்கே இருந்தது தெரியுமா? அதே கிளார்க்கின் மேஜை டிராயரில். ஸ்டாம்பு பேடு காய்ந்து போயிருந்ததால் அதிலும் பாதி எழுத்துதான் விழுந்தது.

அதனால் போஸ்டிங்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கையெழுத்து வாங்கிய அன்றே சீலையும் வாங்கிவிடுங்கள். நோட்டில் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். எல்லை தாண்டிப் போகிறவர்கள் கிளம்பும் முன் அந்தப் பக்கத்து ஆள் ஒருவருக்கு போன் போட்டுவிடுங்கள்.

சரி, மலையாளத்துக்கு வருகிறேன். பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான மலையாளம் எனக்கு உண்டு. நோயாளியிடம் அது போதாது என்பது பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு தெரிந்தது. ஒரு வயதான அம்மா, சர்க்கரை நோயாளி, முட்டி வலி. ஹாட் பேக், அதாவது வெந்நீர்த் தொட்டியில் போட்டுச் சூடாக்கிய ஒத்தடப் பை, வைக்கச் சொன்னார் மேடம். அந்த அம்மா என்னிடம், "முட்டு வேதனயா மோளே, பின்னே காலில் தரிப்பும் உண்டு" என்றார். வேதனை என்றால் வலி, அது தெரியும். தரிப்பு? தரிப்பது என்றால் நமக்கு உடுத்துவது. காலில் ஏதோ பட்டை போட்டுக்கொள்வதைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, பேக்கை இடுக்கியால் தூக்கி டவலில் சுற்ற ஆரம்பித்தேன். மேடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

தரிப்பு என்றால் மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருப்பது. சூடு கொடுப்பதற்கு முன் ஒரு டெஸ்ட் ட்யூபில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர் வைத்துத் தொட்டு, எது எது என்று கேட்க வேண்டும் என்பதை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனால் அன்று செய்யவில்லை. அந்தத் தொட்டியில் தண்ணீர் எழுபது டிகிரிக்கு மேல் இருக்கும். ஆறேழு மடிப்பு டவலுக்கு மேல் வைத்தாலும், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மேடம் டெஸ்ட் ட்யூபை வைத்துப் பார்த்தபோது அந்த அம்மா முட்டியிலேயே இரண்டு முறை மாற்றிச் சொன்னார். மேடம் திட்டவில்லை. "புரியாத சொல்லுக்குத் தலையாட்டாதே" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ரெக்கார்டு நோட்டின் பின் அட்டையில் எழுத ஆரம்பித்தேன். நீரு என்றால் வீக்கம். கடச்சில் என்றால் குடைச்சல். புகச்சில் என்றால் எரிச்சல். வலிவு என்றால் வலி இல்லை, மூச்சு இழுப்பு. மற்ற புத்தகங்களைவிட இந்த அட்டையைத்தான் அதிகம் புரட்டினேன்.

நெட்டில் கிடைக்கிற கேள்வித் தொகுப்புகளில் பாதி அமெரிக்காவின் அசிஸ்டென்ட் தேர்வுக்கானவை. அங்கே 200 முதல் 800 வரை மதிப்பெண் அளவு, 600 எடுத்தால் பாஸ். "இந்த நிலையில் அடுத்து என்ன செய்வாய்" என்று கேட்டு மடக்குவதில் அவர்களை மிஞ்ச முடியாது. அதற்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவர் குளியல் தொட்டிக்குள் எப்படி இறங்குவார் என்று அதில் வரும். நம் ஊரில் சிக்கலே இந்தியன் டாய்லெட்டும் சம்மணம் போடுவதும்தான். பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால் இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, உள்பக்கம் திருப்பவும் கூடாது. குந்தி உட்கார்ந்தால் முதல் விதியே போச்சு.

பரீட்சை அன்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதலில் கைத்தடி. வலது இடுப்பில் வலி, தடி எந்தக் கையில்? எனக்கு முன்னால் போன இரண்டு பேரும் வலது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் தாத்தாவும் நோவுற பக்கம்தான் பிடிப்பார், அவரிடம் சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை. இடது கையில் பிடித்தால்தான் வலது இடுப்புத் தசைக்கு இழுக்கிற வேலை குறையும். படிக்கட்டுக்கு நானே கட்டிய வரி: ஏற நல்ல கால், இறங்க நோவுக் கால்.

அடுத்த கேள்வி: ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலிக்கிறது. என்ன செய்வாய்? நம் வீடுகளில் என்றால் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு ஓடி வருவார்கள். அதைத்தான் செய்யவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். பயிற்சியை நிறுத்து, தேய்க்காதே, உடனே பிசியோவிடமும் நர்ஸிடமும் சொல். அசிஸ்டென்ட் தானாக முடிவெடுக்கிறாரா என்று பார்க்கத்தான் இந்த மாதிரிக் கேள்விகள்.

பிறகு கேஸ். பக்கவாதம் வந்த ஒரு தாத்தா, கூட மகள். கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மகள் போகிற போக்கில், "அச்சனுக்கு வலிவு உண்டு" என்றார். பின் அட்டை கண் முன்னால் வந்தது! இன்ஹேலர் கையில் இருக்கிறதா என்று கேட்டேன், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன், மல்லாக்கப் படுக்க வைக்காமல் தலைப்பக்கத்தை உயர்த்தி அரைகுறையாகச் சாய்த்து, எக்ஸாமினரிடம் விவரத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காமல் தோளைத் தாங்கித்தான் தாத்தாவை எழுப்பினேன். எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது ஒரு பக்க பிரேக்கைப் போட மறந்துவிட்டேன். தாத்தா உட்காருகிற சமயம் நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது. எக்ஸாமினர் காலை வைத்து நிறுத்தினார். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எத்தனை மார்க் போச்சு என்பது ரிசல்ட் வந்தால்தான் தெரியும்.