ஒரு குழிக்குள் மூன்று நாற்றுகள்

நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றின் முன்பள்ளியில், நான்கு வயதுப் பிள்ளைகளோடு இந்த ஆண்டின் முதலாம் தவணையில் மரக்கறி பயிரிட்டுப் பார்த்தேன். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லித் தருவதைக் குறைத்துக்கொண்டு, பெற்றோர் அந்தப் பருவத்தில் லயத்துப் பின்புறத்தில் என்ன போடுகிறார்களோ அதையே நாங்களும் போட்டோம்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை முள்ளங்கியும் கரட்டும் விதைத்தோம். கரட் விதை பிள்ளைகளின் விரலுக்கு அகப்படாத அளவு சிறியது என்பதால் மணலோடு கலந்து தூவக் கொடுத்தேன். முள்ளங்கி ஐந்தாம் நாள் தலைகாட்டியது. கரட்டுக்குப் பதினாறு நாள் சென்றது. பக்கத்துப் பாத்தியில் முள்ளங்கி வளர்ந்துகொண்டிருந்திராவிட்டால் அத்தனை நாள் அவர்கள் பொறுத்திருக்க மாட்டார்கள்.

போஞ்சி உறைபனியைத் தாங்காது. ஆகவே அதைக் கண்ணாடிப் போத்தலில் ஈரப் பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைத்து வகுப்பறைக்குள்ளேயே முளைக்கவிட்டோம். முதலில் வேர் கீழிறங்கியதையும், பின்னர் விதையின் இரு பாதிகளும் மேலெழுந்து நாளுக்கு நாள் சுருங்கியதையும் பிள்ளைகள் கவனித்தார்கள். "டீச்சர், செடி விதையைச் சாப்பிடுது" என்றாள் ஒரு சிறுமி. வித்திலையில் சேர்ந்திருக்கும் உணவைப் பற்றி நான் சொல்ல எண்ணியிருந்ததை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பீட்ரூட். குழிக்கு ஒரு விதை என்று எண்ணிக் கொடுத்திருந்தும், ஒரு பையனின் குழியில் மூன்று நாற்றுகள் நின்றன. கூடுதலாகப் போட்டுவிட்டாய் என்று அவனிடம் சொன்னேன். அவனோ ஒன்றுதான் போட்டதாகக் கண்கலங்க நின்றான். மறுநாள் எல்லோரும் பார்த்திருக்க, ஒரே ஒரு விதையைத் தகரப் பேணியில் விதைத்தேன். பன்னிரண்டாம் நாள் அதிலும் இரண்டு முளைகள் வந்தன. நாம் பீட்ரூட் விதை என்று அழைக்கும் சொரசொரப்பான உருண்டை உண்மையில் பல விதைகள் ஒட்டிய காய்க்கொத்து. அதை அறியாமலே அவன்மேல் குற்றம் சுமத்தியிருந்தேன். அன்றே எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கிழங்கு பருக்க இடம் வேண்டும் என்பதால், ஒன்றை விட்டு மற்றவற்றை வேர் அசையாமல் கத்தரியால் வெட்டினோம். எதை விடுவது என்று அவனே தெரிவு செய்தான்.

வெட்டிய கரட் தலையைத் தண்ணீர்த் தட்டில் வைத்ததில் இலை தழைத்ததே தவிரப் புதுக் கரட் உண்டாகவில்லை. இரண்டாம் தவணையில் லீக்ஸ் நாற்று நட்டு, ஒரு வரிசைக்கு மண் அணைத்தும் மறு வரிசையை அணைக்காமலும் விடப்போகிறோம். எந்த வரிசையில் தண்டு வெளுக்கும் என்பதைப் பிள்ளைகளே பிடுங்கிப் பார்த்துச் சொல்லட்டும்.