முப்பது கப்சூல்

மே 19, திங்கள்
பள்ளிக்கூடத்தால் வந்த சின்னவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். ஏழு மணிக்கு 102.6. வகுப்பில் ஐந்து பேர் வரவில்லையாம். அம்மா கொத்தமல்லி அவிக்கிறார். அவரைக் கிட்டப் போகாதீர்கள் என்றால் கேட்கிறாரா?

மே 20, செவ்வாய்
கொழும்பில் காய்ச்சல் என்றால் முதல் பயம் டெங்கு. டொக்டருக்கும் அதே. இரத்தம் எடுத்தார், மூக்குக்குள் குச்சி விட்டார். டெங்கு இல்லை, இன்ஃப்ளூவென்சா ஏ என்ற ஃப்ளூ காய்ச்சல். ஆனாலும் பனடோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தொடவே கூடாது என்றார்.

ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தை எழுதினார். "இழுப்பு உள்ள பிள்ளை, அதனால்தான் தருகிறேன். 48 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். இதைக் குடித்தாலும் ஒரு நாள் முந்தி எழும்புவாள், அவ்வளவுதான்." ஒளிக்காமல் பேசுகிற ஆளை எனக்குப் பிடிக்கும். 24 கிலோவுக்கு ஒரு வேளை 60 மில்லிகிராம், இரண்டு வேளை, ஐந்து நாள்.

பிறகு வீட்டில் வேறு யார் என்று கேட்டார். போனில் இருந்த அம்மாவின் ரிப்போர்ட்டைக் காட்டினேன். சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியேட்டினின் 1.2 தானே, பெரிதாக ஒன்றுமில்லையே என்றேன். அவர் அம்மாவின் வயது 71, நிறை 52 கிலோ என்று போனில் போட்டுத் தட்டி, போனைத் திருப்பிக் காட்டினார். சிறுநீரகம் வேலை செய்யும் அளவு 35. எல்லோருக்கும் கொடுக்கிற 75 மில்லிகிராம் அம்மாவுக்குக் கூடவாம். வருமுன் காக்க 30 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, பத்து நாள். எனக்கு ஒன்றும் வேண்டாம், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரட்டாம்.

இருவருக்கும் அதே 30 மில்லிகிராம் கப்சூல். அவளுக்கு வேளைக்கு இரண்டாக இருபது, அம்மாவுக்குப் பத்து. வெள்ளவத்தைப் பாமசியில் இருந்தது இருபதுதான். யாருக்குக் கொடுப்பது என்று தெருவில் நின்றே டொக்டருக்குப் போன் அடித்தேன். "இதென்ன கேள்வி? இரண்டு பேருக்கும் இன்றிரவே தொடங்குங்கள். மிச்சத்தைத் தேட நாலு நாள் இருக்கிறதே." வெட்கமாகப் போய்விட்டது.

மிச்சம் 17.

மே 21, புதன்
அவளுக்கு விழுங்கத் தெரியாது. கப்சூலைத் திறந்து தூளைக் கித்துள் பாணியில் கலந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்து விழுங்கினாள், ஐந்து நிமிடத்தில் படுக்கை விரிப்பு முழுக்கச் சத்தி. வெறும் வயிற்றில் கொடுத்தது நான்தான். டொக்டர் எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டார். சொன்னதும், கஞ்சி குடிக்க வைத்துத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். இரண்டு வீண்.

பின்னேரம் பம்பலப்பிட்டி, இல்லை. தெஹிவளை, இல்லை. ஒரு கடையில், "75 இருக்கு அக்கா, பிரிச்சுப் பாதிப் பாதியாப் போடுங்கோ." 75-இன் பாதி 30 இல்லை, அதுவும் கண்மட்டத்தில் யார் அளப்பது? வெளியே வந்துவிட்டேன்.

எதிர் மாடியில் வெசாக் கூடு இன்னும் தொங்குகிறது. மழையில் ஒரு பக்கத் தாள் உரிந்து ஆடுகிறது.

10.

மே 22, வியாழன்
5.

இரவு 2.10. தூக்கத்தில் கதைக்கிறாள். "மிஸ், என்ர பென்சில்." மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் குழப்பம், வழமையில்லாத நடத்தை என்று வாசித்ததுதான் பிழை. பெயர் சொல்லி எழுப்பினேன். கண் திறந்து, அம்மா லைட்டை நிப்பாட்டுங்கோ என்றாள். சரி, பிள்ளை அவளேதான். காய்ச்சலாலும் இப்படி வருமாம். ஆனாலும் படுக்கவில்லை. கடற்கரைப் பக்கம் முதல் ரயில் போகும் வரைக்கும் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தேன்.

மே 23, வெள்ளி
காய்ச்சல் விட்டுவிட்டது. பொரளையில் கிடைத்தது! அட்டையை வெட்டிச் சரியாகப் பன்னிரண்டு தந்தார் அந்த ஐயா. பத்து போதாதா என்று கேட்டார், சத்திக் கதையைச் சொன்னேன். திரும்பி வரும்போது த்ரீவீலருக்குள் இரண்டு தரம் எண்ணினேன்.

அண்ணா டொரன்டோவில் இருந்து, டிக்கெட்டைத் தள்ளிப் போடவா என்று கேட்கிறான். ஜூன் 3. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 24, சனி
அம்மா மருந்துக்கு முரண்டு. "எனக்கு ஒரு வருத்தமுமில்லை, பிறகென்ன குளிசை?" தடுப்பூசி போடச் சொன்னபோதும் இதே வசனம். இப்போது போட்டால்கூட அது வேலை செய்ய இரண்டு கிழமை பிடிக்கும். கப்சூலோ குடிக்கிற நாளுக்கு மட்டும்தான் காவல். இதையெல்லாம் விளக்கினேன். புட்டுக்கு மேலே வைத்துத் தந்தால் குடிப்பேன் என்றார்.

மே 25, ஞாயிறு
காலையில் சின்னவளின் கடைசி வேளை. மாமி போனில், "காய்ச்சல் விட்டு ரெண்டு நாளாச்சு பிள்ளை, ஏன் இன்னும் குடுக்கிறாய்?" ஐந்து நாள் என்றால் ஐந்து நாள் மாமி.

மத்தியானம் மேல்மாடி அக்கா. அவர்கள் வீட்டிலும் தடிமனாம், மிஞ்சினால் இரண்டு தரட்டாம். தடிமனுக்கு இது கேட்காது, மிஞ்சவும் இல்லை. இரண்டையும் சொன்னேன். முகம் ஒரு மாதிரிப் போனது. போகட்டும். அம்மாவுடையது அம்மாவுடையது.

வெசாக் கூட்டை யாரோ இறக்கிவிட்டார்கள். கயிறு மட்டும்.

மே 26, திங்கள்
சின்னவள் கரம் போர்டை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மம்மாவை விளையாட வரச்சொல்லி நச்சரிக்கிறாள். அண்ணாவுக்கு, தள்ளிப் போடாதே என்று அனுப்பினேன்.

இரவுக் கப்சூலுக்குப் பிறகு மிச்சம் 3.

9.40. அம்மா தும்முகிறார். இரண்டு தரம். தெர்மாமீட்டர் எங்கே வைத்தேன்