ஓட்டினவன் மச்சான், பொறுப்பு என்னுடையது

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து "மாமா, பாண்டி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கேட்டான், கார் சாவியைக் கொடுத்துவிட்டேன். ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு பைக்கில் மோதிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதருடைய டிபன் கேரியர் திறந்து தார் ரோட்டில் சாம்பார் சாதம் சிதறிக் கிடந்தது, அது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு.

என் காரின் இன்சூரன்ஸ் முடிந்து 11 நாள் ஆகியிருந்தது.

ஓட்டினவன்தானே பொறுப்பு என்று நினைத்திருந்தேன். வக்கீல் சொன்னார், ஆர்சி புத்தகத்தில் யார் பெயரோ அவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) இல்லாத வண்டியை நாம் ஓட்டுவதும் தப்பு, இன்னொருவரை ஓட்ட விடுவதும் தப்பு. முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறைகூட உண்டு. அது பெரிசில்லை, பாலிசி இருந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும் இழப்பீட்டை இப்போது நானும் மச்சானும்தான் கட்ட வேண்டும், கட்டத்தான் போகிறோம், அடிபட்டவர் தினக்கூலிக்குப் போகிறவர்.

கடலூர் நண்பர்களே, வண்டியை இரவல் கொடுக்கும் முன் பாலிசி தேதியைப் பாருங்கள், வாங்குகிறவரின் லைசென்ஸையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.