வர்ஜீனிய நீதிபதி ஒருவரைத் தமிழில் எழுதி முடித்த அனுபவம்

சென்ற ஆண்டு, ஒரு வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்துக்காக, அமெரிக்காவின் தொடக்கக் கால மாநில அரசியலாளர்கள் சிலரைப் பற்றிக் குறிப்புகள் எழுத ஒப்புக்கொண்டேன். அவர்களுள் எனக்கு அதிக நாள் பிடித்தவர் வர்ஜீனியாவின் ஜார்ஜ் வித். 400 சொற்களுக்குள் அடங்க வேண்டிய அந்தக் குறிப்பு, நான்கு முறை எழுதிய பிறகே ஏற்கப்பட்டது.

முதல் இடறல் பெயரிலேயே நேர்ந்தது. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘வைத்’ என்று எழுதிவிட்டேன். அவருடைய ஊரிலோ அதை ‘வித்’ என்றே ஒலிக்கிறார்கள். அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத்தின் குடும்பப் பெயர், எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘டாலியாஃபெரோ’ என்று வருகிறது. வர்ஜீனியர் நாவில் அது ‘டாலிவர்’. ஒலியைப் பின்பற்றுவது என்று முடிவு செய்து, அதுவரை எழுதியவற்றையெல்லாம் திருத்தினேன்.

முதல் வரைவில் அவர் வகித்த பதவிகளை வரிசையாக அடுக்கியிருந்தேன். 1726இல் பிறந்தார், 1754இல் குடியேற்றச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார், 1768இல் வில்லியம்ஸ்பர்க் நகர மேயரானார், 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தில் வர்ஜீனியப் பிரதிநிதிகளின் கையொப்பங்களுக்குத் தலைப்பில் இருப்பது அவருடையது, 1777இல் மாநிலக் கீழவையின் சபாநாயகர், 1778இல் நீதிபதி, 1779இல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர். இவ்வளவும் உண்மை. ஆனால் பதிப்பாசிரியர் தாளின் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பினார்: “நீதிபதி என்கிறீர்களே, என்ன தீர்ப்புச் சொன்னார்?”

எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சட்டம் கற்பித்தவர் என்ற ஒரு தொடரிலேயே வித்தை அடக்கிவிடும் வழக்கம் நூல்களில் உண்டு. நானும் அதற்கு மேல் போகவில்லை. எனவே வழக்குகளைத் தேடத் தொடங்கினேன். அங்கே ‘சான்சரி’ என்ற சொல் குறுக்கே நின்றது. எழுதப்பட்ட சட்டமும் வழக்காறும் தீர்வு தராத இடத்தில், மனச்சான்றையும் நியாயத்தையும் கொண்டு தீர்வு வழங்குவதற்கென இங்கிலாந்தில் வளர்ந்த தனி நீதிமன்ற முறை அது. வர்ஜீனியா 1778இல் தனக்கென ஒன்றை அமைத்து, வித், எட்மண்ட் பெண்டில்டன், ராபர்ட் கார்ட்டர் நிக்கலஸ் ஆகிய மூவரை அமர்த்தியது. ‘அறமன்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். அது பழைய கதையில் வரும் அவைபோல ஒலித்தது. இறுதியில் சான்சரி என்றே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தேன்.

1782ஆம் ஆண்டின் கேட்டன் வழக்கைப் புரிந்துகொள்ள மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. அரசுத் துரோகத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற மூவருக்குக் கீழவை மன்னிப்பு வழங்கியது. மேலவை அதற்கு இணங்கவில்லை. 1776ஆம் ஆண்டின் துரோகச் சட்டம் இரு அவைகளின் ஒப்புதலையும் கேட்டது. மாநில அரசமைப்பின் வாசகமோ கீழவைக்கே அந்த அதிகாரம் இருப்பதுபோல் பொருள்கொள்ள இடம் தந்தது. மன்னிப்புச் செல்லாது என்று, வித்தும் அமர்ந்திருந்த மாநில மேல்முறையீட்டு மன்றம் கூறியது. ஆனால் வழக்கை நினைவில் நிறுத்தியது வித் சொன்ன கூடுதல் கருத்துத்தான்: சட்டமன்றம் தன் எல்லையை மீறுமானால், நீதிபதியின் இருக்கையிலிருந்தே அரசமைப்பைச் சுட்டிக்காட்டி, இதற்கு மேல் உமக்கு அதிகாரம் இல்லை என்று தாம் சொல்லத் தயங்கப்போவதில்லை என்றார் அவர். அவருடைய வகுப்பில் 1780இல் அமர்ந்திருந்த ஜான் மார்ஷல், 1803இல் கூட்டாட்சித் தலைமை நீதிபதியாக இருந்து மார்பரி வழக்கில் அதே கொள்கையை நிலைநாட்டினார். முன்னாள் சபாநாயகர் ஒருவரே சட்டமன்றத்துக்கு எல்லை வகுத்தார் என்பதைக் கண்டபோதுதான், பதவிப் பட்டியலுக்கும் தீர்ப்புக்கும் தொடர்பு இருப்பது எனக்குப் புலப்பட்டது.

மூன்றாம் வரைவு அவருடைய இறப்பில் சிக்கியது. 1806 மே மாத இறுதியில், ரிச்மண்டில், வீட்டிலிருந்த மூவர் நச்சுக்கு ஆளாயினர்: வித், அவருடன் வாழ்ந்த மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர், சமையல் பொறுப்பிலிருந்த லிடியா பிராட்னாக்ஸ். பிரவுன் இறந்தார், வித் ஜூன் 8ஆம் நாள் இறந்தார், லிடியா பிழைத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் ஜார்ஜ் வித் ஸ்வீனி. ஆங்கிலம் அவருக்குத் தரும் ‘கிராண்ட்நெஃப்யூ’ என்ற உறவுச்சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு வரிகூட எழுத முடியாது. உடன்பிறந்தவர் அண்ணனா, அக்காவா என்றெல்லாம் அது கவலைப்படுவதில்லை. தேடிப் பார்த்தபோது, அவர் வித்தின் சகோதரியின் பேரன் என்று தெரிந்தது. படுக்கையில் கிடந்தபடியே உயிலைத் திருத்தி அவரை விலக்கிவிட்டே வித் கண்மூடினார்.

லிடியா ஒரு காலத்தில் வித்தின் அடிமையாக இருந்தவர். 1787இல் அவரால் விடுவிக்கப்பட்டவர். காப்பிப் பாத்திரத்தருகே ஸ்வீனி செய்ததைத் தாம் கண்டதாகச் சொன்னார். ஆனால் கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வர்ஜீனியச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்வீனி கொலைக் குற்றத்திலிருந்து விடுதலையானார். இந்தச் செய்தியைப் பல நூல்கள் சொல்கின்றன. நான் இன்னும் ஒன்றைத் தேடினேன்: அந்தத் தடை எந்தச் சட்டத்தில் இருந்தது? ஜெஃபர்சன், பெண்டில்டன், வித் ஆகிய மூவரின் சட்டத் திருத்தக் குழு 1779இல் அளித்த 126 சட்ட வரைவுகளுள் 51ஆவது, அடிமைகளைப் பற்றியது. சாட்சியத் தடை அதிலும் இருந்தது. 1785இல் அது சட்டமாயிற்று. அந்த வரைவை எழுதியவர் வித் அல்லர். எனினும் குழுவின் அறிக்கையில் அவர் பெயர் உண்டு. அன்று இரவு மேற்கொண்டு எழுதவில்லை.

மறுநாள், இதற்கு எதிரான சான்றும் கண்ணில் பட்டது. விடுதலை கேட்டு வந்த ரைட் குடும்பத்தாரின் வழக்கில், மனிதர் யாவரும் பிறப்பால் சுதந்திரர் என்ற வர்ஜீனிய உரிமைப் பிரகடனத்தையே அடிப்படையாகக் கொண்டு, ஒருவர் அடிமை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரைத் தம் உடைமை என்று கோருபவருடையது என்று வித் தீர்ப்பளித்திருந்தார். அவர் இறந்த சில மாதங்களில் மேல்முறையீட்டு மன்றம் ரைட் குடும்பத்தாரின் விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் அவர்களுடைய தாய்வழி அமெரிக்கப் பழங்குடி மரபையே காரணமாகக் கொண்டு, வித்தின் பொதுவான காரணம் கறுப்பினத்தவருக்குப் பொருந்தாது என்று ஒதுக்கியது. அப்படி எழுதியவர்களுள் ஒருவர், கல்லூரியில் வித்துக்குப்பின் அதே பேராசிரியர் பதவியை ஏற்ற செயின்ட் ஜார்ஜ் டக்கர்.

நான்காம் வரைவில் மேயர் பதவியை நீக்கினேன், 1754ஐயும் நீக்கினேன், பிரகடனக் கையொப்பத்தை அரை வரியாகச் சுருக்கினேன். 51ஆவது வரைவும் ரைட் வழக்கும் அடுத்தடுத்த வாக்கியங்களாக நின்றன. இரண்டையும் இணைக்க ‘ஆனால்’ போடுவதா ‘எனினும்’ போடுவதா என்று நெடுநேரம் பார்த்துவிட்டு, எதுவும் போடாமலே விட்டேன். அச்சுப்படி வந்தபோது தலைப்புச்சொல் மட்டும் பழையபடி ‘வைத்’ என்றே இருந்தது. அதைத் திருத்தியதும் பதிவு அகரவரிசையில் ‘வை’யிலிருந்து ‘வி’க்கு நகர்ந்ததால், நடுவிலிருந்த பக்கங்களையெல்லாம் மறுபடியும் கோக்க வேண்டியதாயிற்று.