மொரிஷியஸில் ஒரு விடுமுறை வீடு: முன்பணம் முதல் சாவி வரை

நாங்கள் முதலில் ஆசைப்பட்ட வீடு மொரிஷியஸின் வடக்குக் கரையில், வாசற்படி இறங்கினால் காலில் மணல் ஒட்டும் தூரத்தில் இருந்தது. அதை வாங்க முடியாது என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தீவைச் சுற்றிக் கடலோரமாகக் குறைந்தது 81.21 மீட்டர் அகலத்துக்கு ஓடும் நிலப்பட்டையை அங்கே 'பா ஜெயோமெத்ரிக்' என்கிறார்கள். அது அரசுக்குச் சொந்தமானது, குத்தகைக்கு மட்டுமே விடப்படுவது. வீட்டைக் காட்டிய முகவர் நீச்சல் குளத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். மனை யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தோம். குடியுரிமை இல்லாதவர்கள் சொத்து வாங்குவதை 1975ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஆகவே கண்ணில் பட்ட வீட்டை விலை பேசி முடிக்க முடியாது. வெளிநாட்டவருக்கென்று திறந்துவிடப்பட்ட வழிகளில் ஒன்றின் மூலமாகத்தான் வர வேண்டும். எங்களுக்குப் பொருந்தியவை இரண்டு. ஒன்று, 2015இல் தொடங்கிய, 'பிடிஎஸ்' என்று சுருக்கமாக வழங்கும் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம். மற்றது, தரைத்தளத்துக்கு மேல் குறைந்தது இரண்டு தளங்கள் உள்ள கட்டடத்தில் 60 லட்சம் மொரிஷியஸ் ரூபாய்க்குக் குறையாத விலையுள்ள அடுக்குமாடி வீடு. நாங்கள் வாங்கிய 2022இல், 'பிடிஎஸ்' திட்டத்தில் 3,75,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவிட்டால், வீடு கையில் இருக்கும் வரை தங்கும் உரிமையும் சேர்ந்து கிடைத்தது. விற்பனையாளர்கள் பேச்சை இங்கேதான் தொடங்குவார்கள். ஆண்டுக்கு ஆறு வாரம் தங்கப் போகிற நமக்கு இந்த உரிமை எதற்கு என்று என் மனைவி கேட்ட பிறகு, எங்கள் தேடல் ஒரு படுக்கையறை குறைந்து, கணிசமான தொகையும் குறைந்து, கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு முறை போனோம். ஒரே முறை போயிருந்தால் தவறாக வாங்கியிருப்போம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கு வாணிபக் காற்று கிழக்குக் கரையில் ஓயாமல் அடிக்கிறது. நாற்காலி விரிப்பைக் கல் வைத்து அழுத்தினால்தான் வெளியே உட்கார முடிந்தது. நடுவிலுள்ள மேட்டுநிலத்தைத் தாண்டி மேற்கே இறங்கினால் அதே நாளில் காற்று அடங்கி, வெயில் காய்கிறது. மேற்கு வறண்ட பகுதி, வெக்கை கூடுதல் என்பதையும் ஜனவரியில் அனுபவித்துப் பார்த்தோம். தமரின் வளைகுடாவுக்கு அருகே, அப்போது அஸ்திவாரம் கூடத் தோண்டப்படாத ஒரு 'பிடிஎஸ்' திட்டத்தில் தரைத்தள வீடு ஒன்றை முடிவு செய்தோம்.

முன்பதிவு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, முன்பணத்தைத் தங்கள் நிறுவனக் கணக்கில் போட்டால் 'வீட்டை உடனே பிடித்து வைத்துவிடலாம்' என்று விற்பனைப் பிரிவில் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். நோட்டரி வைத்திருக்கும் பொறுப்புக் கணக்கைத் தவிர வேறெங்கும் பணம் வராது என்று பதில் எழுதினோம். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.  இந்த நோட்டரி என்பவர், நம் ஊர்களில் நகலுக்கு முத்திரை குத்தித் தருகிறவர் அல்லர். பிரெஞ்சுச் சட்ட மரபில் வந்த அந்தத் தீவில் கிரயப் பத்திரத்தை எழுதுவதும், வில்லங்கம் பார்ப்பதும், அரசுக்குச் சேர வேண்டியதை வசூலித்துக் கட்டுவதும், பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. ஆனால் அவர் நமக்காக வாதாடும் வக்கீலும் அல்லர் என்பதால், விற்பவர் கைகாட்டிய நோட்டரியை விட்டுவிட்டு வேறொருவரை நாங்களே அமர்த்திக்கொண்டோம்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது பணமன்று, பெயர். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இனிஷியலாக நிற்கிறது. திருமணச் சான்றிதழில் அந்த இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையை அதற்கு வாங்கி, கூரியரில் அனுப்பி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அடுத்து, நாங்கள் எந்தச் சொத்து முறையின் கீழ் திருமணம் செய்துகொண்டோம் என்று நோட்டரி அலுவலகம் கேட்டது. கணவன் மனைவி சொத்து பொதுவா தனித்தனியா என்பதைத் திருமணத்தின்போதே தீர்மானிக்கும் வழக்கம் அங்கே இருப்பதால், பத்திரத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு வாழ்ந்த பிறகு முதன்முறையாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, இருவர் பெயரிலும் சரிபாதி என்று எழுதச் சொன்னோம். பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை இதைவிட எளிதாகவே முடிந்தது. பழைய மனையை விற்ற பத்திரமும், அந்தத் தொகை வங்கியில் வரவான பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

வெளிநாட்டவர் வாங்குவதற்கு அனுமதி தரும் பொருளாதார வளர்ச்சி வாரியத்தின் ஒப்புதல் வந்து 2023இன் தொடக்கத்தில் கிரயத்துக்குப் போனோம். நோட்டரி பத்திரம் முழுவதையும் பிரெஞ்சில் உரக்கப் படித்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நாங்களும் விற்பவரின் பிரதிநிதியும் சுருக்கொப்பமிட்டோம். மொழிபெயர்ப்பை முந்தின வாரமே வாங்கி வரிவரியாகப் படித்திருந்தபடியால், எங்கள் கார் நிறுத்துமிடத்தின் எண் மாறியிருந்ததைப் பதினொன்றாம் பக்கத்தில் பிடித்தோம். அன்று எங்களுக்கு விதிக்கப்பட்ட பதிவுக் கட்டணம் விலையில் 5 சதவீதம். அதோடு விலை கூடக் கூட விகிதம் குறைகிற நோட்டரி கட்டணமும், அதன்மேல் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்தன. பக்கத்துக் கடையில் தேநீர் குடித்தபோது மீதிச் சில்லறையாக வந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் என் மனைவி அதைச் செலவழிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

கட்டி முடிக்காத வீட்டை வாங்கும் இந்த முறைக்கு 'வெஃபா' என்று பெயர். வேலை நடக்க நடக்கத்தான் பணம் போக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி: அஸ்திவாரம் முடிகையில் மொத்தம் 35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கூரை போட்டு மழை உள்ளே வராத நிலையில் 70, கட்டுமானம் முடிந்ததும் 95, மீதி 5 சாவி வாங்கும்போது. கட்டுபவர் பாதியில் கைவிட்டாலும் வேலை முடிவதற்கு நிதி உத்தரவாதம் ஒன்று பத்திரத்தோடு இருக்க வேண்டும். அது யார் கொடுத்தது, எதுவரை செல்லும் என்பதை வங்கியிடமே எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொண்டோம். 70 சதவீதத்துக்கான கோரிக்கை 2024 ஜனவரித் தொடக்கத்தில் வந்தது. கட்டடக் கலைஞரின் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று நாங்கள் நிறுத்தி வைத்திருந்த அந்த இடைவெளியில் பெலால் புயல் வந்தது. ஜனவரி 15 அன்று தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்து சென்ற படங்களைப் பார்த்தபடி, எங்கள் வீட்டுக் கூரை நிலை என்ன என்று கேட்டு எழுதினோம். நாங்கள் தனியாகக் கூலி கொடுத்து அனுப்பிய பொறியாளர் எடுத்த படத்தில், மேல்தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு பாதிதான் முடிந்திருந்தது. கீழே வரவேற்பறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தப் பூச்சு முழுவதும் முடிந்து சான்றிதழ் வர ஏழு வாரம் ஆயிற்று. அதன்பிறகே பணம் போயிற்று.

சாவி ஒப்படைப்பு நாளில் விற்பனைப் பிரிவினர் பூங்கொத்தோடு வந்தார்கள். பொறியாளர் தோட்டக் குழாயோடு வந்தார். ஒவ்வொரு சன்னலிலும் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் செய்து, உள்ளே டார்ச் விளக்குடன் நானும் அவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். கடலைப் பார்த்த பெரிய நகர்கதவின் கீழ்ச் சட்டத்தில், திருகாணித் துளை வழியாக ஒரு நூல் போலத் தண்ணீர் இறங்கித் தரை ஓட்டின் இடுக்கில் மறைந்தது. வெயில் நாளில் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் தெரிந்திராத குறை அது. குறைப் பட்டியலில் அதையும் சேர்த்துப் பதினான்கு இனங்களை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 5 சதவீதத்தை நோட்டரியிடமே நிறுத்தி வைத்தோம். பதின்மூன்று இனங்கள் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டன. கதவுச் சட்டம் மட்டும் இரண்டு முறை பிரிக்கப்பட்டு, மூன்றாம் குழாய்ச் சோதனையில்தான் தேறியது. கட்டமைப்புக் குறைகளுக்குப் பத்தாண்டுப் பொறுப்பு சட்டப்படியே இருக்கிறது; ஆனால் கசியும் கதவுக்கு ஆளை வரவழைத்தது அந்த 5 சதவீதம்தான்.

வீட்டுக்கென்று ஆண்டு வரி இல்லை என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள், உண்மைதான். அதற்குப் பதில் 'சிண்டிக்' எனப்படும் பொதுப் பராமரிப்புக் கட்டணம், நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். புயல் காப்பீட்டில் வெளிமுற்றக் கூரைக்கு இழப்பீடு கிடையாது என்பதை இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தலில்தான் கவனித்தேன். எட்டு மாதத்தில் சன்னல் அடைப்புகளின் திருகாணிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறக்கியிருந்தன. அவற்றையெல்லாம் கழற்றி, 316 ரகத் துருவேறா எஃகில் வாங்கி வந்து, போன விடுமுறையின் முதல் இரண்டு நாட்களை ஏணியிலேயே கழித்தேன்.