செயின்சா மரத்தை அறுக்காமல் மாவாக உதிர்த்தபோது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்களைத் துண்டு போட ஆளும் இல்லை, மிஷினும் இல்லை என்று நாள் கணக்கில் காத்திருந்த அனுபவத்தால், மறு ஆண்டே 14 அங்குலச் சிறிய பெட்ரோல் செயின்சா ஒன்றை வாங்கினேன். குறையின்றி உழைத்து வந்த அந்த மிஷின், சென்ற மாசியில் வரப்போரம் சாய்ந்த ஒரு பூவரச மரத்தின் முன் நின்றுவிட்டது. இன்ஜின் முழு வேகத்தில் அலறியும் பிளேடு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு, உள்ளே இறங்கவில்லை. நான் அழுத்த அழுத்த வெட்டுவாயிலிருந்து புகைதான் வந்தது.

பட்டறை ஒன்றில் கார்புரேட்டரைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கை மாற்றி, இன்ஜினில் பலம் குறைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அதன்பின் மிஷின் சீராக ஓடியது. மரம் மட்டும் அறுபடவில்லை. காலடியில் கிடந்த தூளைக் கையில் அள்ளிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. கூர்மையான செயின் பாக்குச் சீவல் போன்ற சில்லுகளை வெளியே தள்ளும். என் கையில் இருந்ததோ கேழ்வரகு மாவு போன்ற நைந்த தூள். குறை இன்ஜினில் இல்லை, பல்லில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

பிளக்கின் மூடியைக் கழற்றி வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, செயினை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் விளிம்பிலும் நூலிழை போல ஒரு வெள்ளிக்கோடு மின்னியது. கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. மின்னுகிறது என்றாலே முனை மழுங்கி உருண்டுவிட்டது என்று பொருள். தரையில் கிடந்த தென்னையை அறுத்தபோது பட்டையில் அப்பியிருந்த மண்தான் இதைச் செய்திருக்க வேண்டும். பிளேடின் நுனி ஒரே ஒரு முறை மண்ணில் உரசினாலும் செயின் முழுவதும் கெட்டுவிடும்.

என்னுடையது போன்ற 3/8 லோ புரொஃபைல் (சிறிய மிஷின்களில் வரும் உயரம் குறைந்த வகை) செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்தும். பல்லின் மேல் கீறியிருக்கும் 30 பாகைக் கோட்டுக்கு இணையாக அரத்தைப் பிடித்து, உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இடப்பக்கப் பற்களை எத்தனை முறை தேய்க்கிறோமோ வலப்பக்கத்தையும் அத்தனை முறையே தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் வெட்டு நேராக இறங்காமல் கூரான பக்கம் வளைந்துகொண்டு போகும்.

இவ்வளவு செய்தும் பல் சவரக்கத்தி போல இருந்ததே தவிர, வெட்டு மெதுவாகவே நடந்தது. நான் அதுவரை கவனித்திராத பகுதி இதுதான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் மாட்டின் திமில் போல ஒரு சிறு மேடு உண்டு. பல் ஒரு முறைக்கு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த மேடுதான். பல்லின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், அரம் போட்டுத் தேயத் தேயப் பல்லின் உயரம் குறைந்துகொண்டே வருகிறது, மேடோ அப்படியே நிற்கிறது. கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்போது, எவ்வளவு கூரான பல்லும் மரத்தைத் தொடாமல் வழுக்கிக்கொண்டே போகிறது. மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கான சிறிய அளவுத்தகட்டைச் செயின் மீது வைத்து, மேலே துருத்திய முனைகளைத் தட்டை அரத்தால் இரண்டு இழுப்பில் சமன்செய்தேன். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் செயின் மரத்தைக் கவ்விப் பிடித்து மிஷினை நம்மை நோக்கி உதறும் என்பதால், இங்கே அவசரமே கூடாது.

பல் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கும் இந்த அமைப்பை, 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில், மரக்கட்டையைத் தின்றுகொண்டிருந்த ஒரு வண்டின் புழுவைக் கவனித்து ஜோ காக்ஸ் என்பவர் உருவாக்கினார். ஒவ்வொரு முறை அரம் பிடிக்கும்போதும் அந்தப் புழுவின் தாடை எனக்கு நினைவுக்கு வருகிறது.

புகைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பிளேடின் பள்ளத்தில் தூளும் ஆயிலும் கலந்து களிம்பாக இறுகி, செயினுக்கு ஆயில் வரும் துளையை அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் சுரண்டி எடுத்து, பிளேடைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன்; அப்போதுதான் இரு விளிம்பும் சமமாகத் தேயும். பிறகு மிஷினை ஓடவிட்டு, தரையில் படாமல் நுனியை ஒரு காய்ந்த மட்டைக்கு எதிரே காட்டியபோது மெல்லிய ஆயில் கோடு விழுந்தது. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை இதற்கு ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதிலுள்ள உலோகப் பொடி பம்பையும் பிளேடையும் தின்றுவிடும், தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் மிஷின் திணறினால் மட்டுமே ஏர் ஃபில்டரையும் பழைய பெட்ரோலையும் சந்தேகிக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், என் மிஷின் கேட்கும் கணக்கில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலந்து, தேவைக்கு மட்டும் தயாரித்துக்கொள்கிறேன். அன்று மாலை அதே பூவரசில் பிளேடு தன் எடையிலேயே இறங்கியது. என் செருப்பின் மேல் சீவல் சீவலாக விழுந்தது.